பொருநைப் பாலமும் பதினோரு பவுனும்

சென்ற ஆடிப்பூரத்தின்போது காந்திமதி அம்மையின் உற்சவத்தைக் காண்பதற்காக நானும் என் மனைவியும் திருநெல்வேலிக்குச் சென்றிருந்தோம். பிறந்து வளர்ந்த ஊர்தான் என்றாலும், வங்கிப் பணியில் முப்பத்தைந்து ஆண்டுகள் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுச் சென்னையில் ஒதுங்கிவிட்டபடியால், இப்போதெல்லாம் விருந்தாளியாகத்தான் போகிறேன். டவுனில் இருந்த எங்கள் பூர்வீக வீடு கைமாறிப் பல காலம் ஆகிறது. பாளையங்கோட்டையில் வாழ்க்கைப்பட்ட என் தங்கையின் வீடுதான் எங்களுக்குத் தங்குமிடம். ஆகவே ஒவ்வொரு நாளும் காலையும் மாலையும் ஆற்றைக் கடந்துதான் நெல்லையப்பர் சந்நிதிக்குப் போகவேண்டும். அந்த ஆறு பொருநை என்னும் தாமிரபரணி. கடக்கும் பாலம் சுலோசன முதலியார் பாலம்.

நெல்லைக்கு வரும் அன்பர்கள் பலர் அந்தப் பாலத்தின்மேல் பேருந்தில் விரைந்து போயிருப்பார்கள். பெயரைக் கேட்டு, யாரோ ஒரு பெண்மணியின் பெயர் என்று நினைத்தவர்களையும் நான் அறிவேன். அது ஓர் ஆணின் பெயர். அரசாங்க உத்தியோகஸ்தர் ஒருவரின் பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் நெல்லை ஆட்சியர் கச்சேரியில் சிரஸ்தாராக, அதாவது துரைக்கு அடுத்த நிலையில் கணக்கு வழக்குகளையெல்லாம் பார்க்கும் தலைமை அலுவலராக இருந்தவர் அவர். தொண்டை மண்டலத்திலிருந்து தெற்கே வந்து குடியேறிய குடும்பம்.

அந்நாளில் திருநெல்வேலி வேறு, பாளையங்கோட்டை வேறு. ஆற்றின் மேல்கரையில் கோயிலைச் சுற்றி நான்கு ரத வீதிகளோடு ஓர் ஊர்; நெல்லும் பருத்தியும் வந்து இறங்கும் வியாபாரத் தலம். கீழ்கரையில் கோட்டையும் பட்டாளமுமாக மற்றோர் ஊர். அங்கும் ராஜகோபால சுவாமி கோயிலும் திரிபுராந்தீசுவரர் கோயிலும் உண்டு. சிறைச்சாலையும் பின்னாளில் பள்ளிக்கூடங்களும் வந்தன. கச்சேரி இருந்தது கொக்கிரகுளத்தில், ஆற்றங்கரையிலேயே. இரண்டு ஊர்களுக்கும் இடையே நடந்து போகக்கூடிய தூரந்தான். ஆனால் நடுவே ஆறு.

தாமிரபரணி மற்ற ஆறுகளைப் போல அன்று. பொதிகையில் பிறந்து, பாபநாசத்தில் இறங்கி, புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் இந்த ஆற்றுக்கு இரண்டு பருவக்காற்றுகளும் நீர் கொடுக்கின்றன. தென்மேற்கு வந்தால் கார் சாகுபடிக்குத் தண்ணீர். வடகிழக்கு வந்தால் பிசானத்துக்கு. அதனால்தான் இதன் கரையில் நவ கைலாயமும் நவ திருப்பதியும் தழைத்தன. ஆனால் ஆற்றைக் கடக்க வேண்டியவனுக்கு இந்த வற்றாத தன்மையே இடைஞ்சல். கோடையில் சில நாள் இறங்கி நடக்கலாம். மற்ற நாட்களில் படகு ஒன்றே கதி. ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வந்துவிட்டால் அதுவும் இல்லை.

என் ஆச்சி ஒரு கதை சொல்வார்கள். அது அவர்களுடைய ஆச்சி சொன்ன கதை. பாலம் இல்லாத காலத்தில் பாளையங்கோட்டையிலிருந்து டவுனுக்குப் பெண் அழைத்து வந்த ஒரு கூட்டம் கொக்கிரகுளத்துத் துறையில் இரண்டு இரவுகள் தங்க நேர்ந்ததாம். இந்தக் கரையில் பெண். அந்தக் கரையில் மாப்பிள்ளை. நடுவே செந்நிறமாக ஓடும் வெள்ளம். முகூர்த்தம் போயே போய்விட்டது. கட்டுச்சாதக் கூடைகளைப் பிரித்து எல்லோரும் துறையிலேயே சாப்பிட்டார்கள் என்று ஆச்சி சொல்லிச் சிரிப்பார்கள். பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று நாங்கள் கேட்டால், “கல்யாணம் ஆகாமலா நானும் நீயும் வந்தோம்?” என்பார்கள்.

துறையில் படகுக்கு முந்துவதில் தள்ளுமுள்ளும் சண்டையும் நடப்பது வழக்கமாயிருந்தது. 1840இல் பாலம் கட்டுவது என்ற முடிவு பிறந்தது. தாம்சன் என்பவர் ஆட்சியராக இருந்து முன்னின்றார்; ஹார்ஸ்லி என்ற பொறியாளர் வரைபடம் தந்தார். லண்டன் மாநகரில் தேம்ஸ் நதியின்மேல் 1817இல் திறக்கப்பட்ட வாட்டர்லூ பாலத்தின் சாயலில், வளைவு வளைவாக எழுப்புவது என்று திட்டம். மதிப்பீடு ஐம்பதாயிரம் ரூபாய் என்று சொல்லப்படுகிறது. அந்த ஐம்பதாயிரம் இன்றைக்கு எத்தனை கோடி என்று என் பேரன் கேட்டான். வங்கிக்காரன் என்பதால் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவன் எண்ணம். அப்படிக் கணக்குப் போடுவதெல்லாம் வெறும் விளையாட்டு. பவுனை வைத்துப் போட்டால் ஒரு விடை. நெல்லை வைத்துப் போட்டால் வேறொரு விடை. ஒரு பெரிய குடும்பத்தின் தலைமுறைச் சொத்து என்று மட்டும் அவனுக்குச் சொன்னேன்.

இனி நெல்லைச் சீமையில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருவதைச் சொல்கிறேன். பணத்துக்கு என்ன வழி என்ற பேச்சு வந்தபோது பொதுமக்களிடம் நன்கொடை திரட்டுவது என்று தீர்மானித்து, அந்தப் பொறுப்பைச் சிரஸ்தார் முதலியாரிடம் ஒப்படைத்தார்கள். சர்க்கார் அதிகாரி வசூலுக்குப் புறப்பட்டால் நன்கொடைக்கும் வரிக்கும் வேற்றுமை எங்கே தெரியும்? யார் மனமுவந்து தருவார்கள், யார் அச்சத்தால் தருவார்கள் என்று அவர் வருந்தினார். வீட்டில் அவர் உறங்காமல் இருந்ததைக் கண்ட மனைவியார் காரணம் கேட்டார். கேட்டுவிட்டுத் தம் நகைகளைக் கழற்றி முன்னால் வைத்தார். மறுநாள் முதலியார் அந்த நகைகளையும் பணத்தையும் ஒரு தட்டில் கொண்டுபோய் ஆட்சியர் முன் வைத்து, மொத்தச் செலவையும் தாமே ஏற்பதாகச் சொன்னார்.

பாலம் 1843இல் முடிந்தது. 760 அடி நீளம், இருபத்தொன்றரை அடி அகலம், பதினோரு வளைவுகள். திறப்பு விழாவில் மேளதாளத்தோடு முதலியாரை முதலில் நடக்கவிட்டு, மற்றவர்கள் பின்னால் நடந்தார்கள் என்பார்கள். கட்டியவரின் பெயரே பாலத்துக்கு நிலைத்தது. 1869 வெள்ளத்தில் ஒரு பகுதி இடிந்தது, 1871இல் செப்பனிட்டார்கள். பின்னாளில் போக்குவரத்துப் பெருகவே அகலப்படுத்தினார்கள். இப்போது பக்கத்திலேயே ஒரு புதுப் பாலமும் வந்துவிட்டது. இதில் எனக்கு வியப்பான செய்தி ஒன்று உண்டு. மாதிரியாக இருந்த லண்டன் வாட்டர்லூ பாலம் அஸ்திவாரம் தாழ்ந்து, 1930களிலேயே இடிக்கப்பட்டுவிட்டது. இப்போது அங்கே நிற்பது வேறு பாலம். அதைப் பார்த்துக் கட்டிய நம் பாலத்தின் வளைவுகளோ பொருநையில் இன்றும் நிற்கின்றன. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அந்தப் பெருவெள்ளத்தில் ஜங்ஷன் பகுதியே தண்ணீரில் மிதந்தது. ஆற்றின் நடுவே இருக்கும் குறுக்குத்துறை முருகன் கோயில் கண்ணுக்குத் தெரியாமல் மூழ்கிப் பிறகு வெளிவந்தது. குறுக்குத்துறை முருகனுக்கு அது பழக்கம். வெள்ளம் வருகிறது என்றால் உற்சவ மூர்த்தியை மேலக் கோயிலுக்கு எழுந்தருளச் செய்துவிட்டு, மூலவரை ஆற்றின் அபிஷேகத்துக்கு விட்டுவிடுவார்கள்.

நகைக் கதைக்கு வருகிறேன். அதைச் சிறுவயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். ஆனால் வங்கியில் சேர்ந்த பிறகு அதை முழுதாக நம்ப எனக்கு மனம் வரவில்லை. காரணம், நகைக் கடன் பிரிவில் நான் பல ஆண்டுகள் அமர்ந்திருக்கிறேன். விதைப்புக் காலத்திலும், பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்திலும் பெண்கள் வந்து வரிசையாக நிற்பார்கள். வளையல் கையைவிட்டுச் சுலபமாக வராது. சோப்பு நீர் கேட்பார்கள். கழற்றிய பிறகு மணிக்கட்டில் ஒரு வெளுத்த வட்டம் தெரியும். அதை முந்தானையால் மூடிக்கொள்வார்கள். மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரசும்போது எத்தனை பொன் தேய்ந்து போகிறது என்று உற்றுப் பார்ப்பார்கள். ஒருத்தியும் சிரித்த முகத்தோடு கழற்றி நான் கண்டதில்லை. ஆகவே, கணவர் கேளாமலே மனைவி நகைகளை எடுத்து வைத்தார் என்றால், கதை சொன்னவர்கள் ஆண்களாகத்தான் இருக்கவேண்டும் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

வேடிக்கையாகச் சொன்னேனே தவிர, அதற்கு உள்ளே வேறொன்று இருந்தது. அதைத்தான் இங்கே எழுத வந்தேன்.

1985இல் என் தங்கைக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. தகப்பனார் காலமாகிவிட்டபடியால் பொறுப்பு என்னுடையது. எனக்குத் திருமணமாகி மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. என் மாமனார் போட்ட நகைகளில் நான்கு வளையல்களும் ஓர் இரட்டை வடச் சங்கிலியும், ஆக மொத்தம் பதினோரு பவுன், என் மனைவியிடம் இருந்தன. “ஒரு வருஷத்தில் மீட்டுத் தந்துவிடுகிறேன்” என்றேன். ஒரு சொல் பேசாமல் கழற்றிக் கொடுத்தாள். என் வங்கியிலேயே அடகு வைத்திருக்கலாம், வட்டியும் குறைவு. ஆனால் நகைக் கடனுக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரியே தன் மனைவியின் நகையை அங்கே நீட்டுவது கௌரவக் குறைவு என்று எனக்குத் தோன்றியது. ஆகவே வேறோர் ஊரில் ஒரு தனியார் அடகுக் கடையில் வைத்தேன். தங்கையின் திருமணம் நன்றாக நடந்தது.

அடுத்த ஆண்டே பதவி உயர்வில் பீகாருக்கு மாற்றினார்கள். பாஷை தெரியாத ஊர், கைக்குழந்தை, இரண்டு இடத்துச் செலவு. தவணை முடிந்து நகை கைவிட்டுப் போயிற்று. “நோட்டீசு தாமதமாக வந்துவிட்டது, வந்தபோது நாள் கடந்துவிட்டது” என்று மனைவியிடம் சொன்னேன். சரி என்று கேட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு முப்பத்தெட்டு ஆண்டுகளில் அந்த வளையல்களைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஓய்வு பெற்றபோது, கையில் வந்த தொகையில் அதே போல நான்கு வளையல் செய்துவிடலாம் என்றேன். “இந்தக் கைக்கு இனி எதற்கு?” என்று அதை மகனின் வீட்டுக்கடனில் கட்டச் சொல்லிவிட்டாள்.

சென்ற ஆடியில் நடந்தது இது. ஒரு மாலை டவுனுக்குப் போகும் வழியில் ஆட்டோ பாலத்தின் தலைப்பில் நின்றுவிட்டது. முன்னாலும் பின்னாலும் வண்டிகள். “இறங்கி நடப்போமா?” என்றாள் அவள். நடந்தோம். தென்மேற்குப் பருவத்தில் ஆறு நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஓரங்களில் அமலைச் செடி படர்ந்திருந்தது. சாக்கடை வந்து சேரும் வாயும் தெரிந்தது. 2018இல் மகா புஷ்கரத்துக்கு வந்த லட்சக்கணக்கானவர்களில் நானும் ஒருவன். முழுகி எழுந்து பழைய துணியை ஆற்றிலேயே விட்டுவந்தவர்களில் நம்மவர்களே அதிகம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தீர்த்தம் என்று கைகூப்புவதும் நாமே, அழுக்கைக் கொட்டுவதும் நாமே.

பாலத்தின் நடுவே சற்று நின்றோம். முதலியாரின் கதையை அவளுக்குச் சொன்னேன். அவள் கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. பாலத்தில் நூறு முறை போயிருந்தும் நகை விஷயம் அவளுக்குத் தெரியாது. கதையின் முடிவில் வழக்கமான என் வேடிக்கையையும் சேர்த்தேன். அவள் சிரிக்கவில்லை. ஆற்றைப் பார்த்தபடியே சொன்னாள்:

“அந்த அம்மா கொடுத்திருப்பாங்க. ஏன் கொடுத்திருக்க மாட்டாங்க? திரும்ப வராதுன்னு தெரிஞ்சு கொடுக்கிறது சுலபம். அவர் மீட்டுத் தாரேன்னு சொல்லியிருக்க மாட்டார்லா?”

அந்தச் சொல்லுக்குப் பிறகு எனக்கு மறைக்கத் தோன்றவில்லை. நோட்டீசு தாமதமாக வரவில்லை என்று சொன்னேன். தவணைக்கு மூன்று வாரம் முன்னதாகவே வந்துவிட்டது. வட்டியைக் கட்டித் தவணையைப் புதுப்பிக்கும் அளவுக்கு என்னிடம் பணமும் இருந்தது. அந்த மாதம்தான் சம்பளப் பாக்கி கைக்கு வந்திருந்தது. ஆனால் அதை அனுப்ப வேண்டுமானால் அடகுக் கடைக்காரர் பெயருக்கு என் கிளையிலேயே வரைவோலை எடுக்கவேண்டும். கடைப் பெயரை எழுதும் குமாஸ்தா பார்ப்பார், பேரேட்டில் ஏறும், மேலாளர் கையெழுத்திடுவார். ஊரிலிருந்து வந்த அதிகாரி அடகு வைத்துப் பிழைக்கிறார் என்று ஆகிவிடும். இன்றைக்கு, நாளைக்கு என்று ஒத்திப்போட்டேன். நாள் போய்விட்டது. பக்கத்து ஊருக்கு ஒருநாள் சென்று வேறொரு வங்கியில் வரைவோலை எடுத்திருக்கலாம்; மணியார்டரில் அனுப்பியிருக்கலாம். இவையெல்லாம் எனக்குத் தெரியாதவை அல்ல. அவ்வளவுக்கு ஒரு வளையலின் மதிப்பைக்கூட நான் கொடுக்கவில்லை என்பதுதான் உண்மை.

இவற்றையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பேருந்துகள் எங்களைக் கடந்து போயின. பாலம் இலேசாக அதிர்ந்தது.

“தெரியும்” என்றாள்.

“என்ன தெரியும்?”

“பீகார்ல தமிழ்ல அச்சடிச்ச கவர் வேற யாருக்கு வரும்? தபால்காரர்கிட்ட நான்தானே வாங்கி உங்க மேஜையில வச்சேன்.”

நான் வாயடைத்து நின்றேன். கணக்கில் ஒரு காசு குறைந்தாலும் இரவு முழுவதும் உட்கார்ந்து தேடுபவன் என்று பெயர் வாங்கியவன் நான். என் வீட்டுக் கணக்கு முப்பத்தெட்டு ஆண்டுகளாக எனக்குத் தெரியாமல் சரிபார்க்கப்பட்டுக் கிடந்திருக்கிறது. “அப்போதே கேட்டிருக்கலாமே?” என்றேன். “கேட்டா நீங்க இன்னொண்ணு சொல்லியிருப்பீங்க” என்றாள். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

மேற்கொண்டு ஒன்றும் பேசாமல் மீனாட்சிபுரத்துக் கரை வரை நடந்து, அங்கிருந்து வேறொரு ஆட்டோ பிடித்துக் கோயிலுக்குப் போனோம். அன்று நெல்லையப்பர் சந்நிதியில் என்ன வேண்டிக்கொண்டேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. தாமிர அம்பலத்துக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு நாள் கழித்து அம்பாளுக்கு வளைகாப்பு. காந்திமதி அம்மையை அலங்கரித்து, கைநிறைய வளையல் பூட்டி வைத்திருந்தார்கள். பெண்கள் கூட்டம் சொல்லி முடியாது. ஆண்களாகிய நாங்கள் தூண் ஓரமாக ஒதுங்கி நின்றோம். என் தங்கை முண்டியடித்துக்கொண்டு உள்ளே போய், தீபாராதனைக்குப் பிறகு இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல்களோடு வந்தாள். அவளுக்கு இன்றுவரை அந்தப் பதினோரு பவுனின் கதை தெரியாது. “மதினி, கையை நீட்டுங்க” என்று சொல்லி, பச்சையும் சிவப்புமாக என் மனைவியின் கையில் அவளே போட்டுவிட்டாள். வயதான கை, மூட்டு வீங்கியிருக்கிறது. நான்காவது வளையல் ஏறவில்லை. “பையப் போடு, உடைஞ்சிரப் போகுது” என்று என் மனைவி சொல்ல, தங்கை அதைத் தன் கையிலேயே போட்டுக்கொண்டாள்.

இது எழுதப்படுவது என் மனைவிக்குத் தெரியும். எழுதலாமா என்று கேட்டேன். பெயர் போடாமல் எழுதுங்கள் என்றாள். தங்கை இதைப் படிப்பாள் என்பதையும் நினைவூட்டினேன். “படிக்கட்டும். அவளுக்குப் போட்ட நகைதானே, வேற யாருக்கும் போடலையே” என்றாள்.

வளைகாப்பு முடிந்து இரவு எட்டரை மணி அளவில் சந்நிதி வாசலில் ஆட்டோ ஏறினோம். ஓட்டுநர் சிறு வயதுப் பிள்ளை. ஜங்ஷன் தாண்டியதும் திரும்பிப் பார்த்து, “சார், புதுப் பாலம் வழியாப் போகட்டுமா? சீக்கிரம் போயிரலாம்” என்றான்.

நான் பதில் சொல்லுமுன் என் மனைவி முந்திக்கொண்டாள். “முதலியார் பாலத்து வழியாவே போ, தம்பி. அவசரம் ஒண்ணும் இல்ல.”